மயிற்பொறியும் விண்போர் ஊர்தியும்

கற்பனையிடம் கணக்குக் கேட்கலாமா என்பது பழைய வினா. கேட்கலாகாது என்பர் ஒரு சாரார். கவிஞன் காட்டும் நிலவை நிறுத்துப் பார்க்கத் தராசு எதற்கு என்பது அவர்தம் வாதம். கேட்டே தீர வேண்டும் என்பர் மற்றொரு சாரார். பொய்யைப் பொய்யென்று சொல்லாவிடில் அறிவு வளராது என்பது அவர்தம் துணிபு. முப்பதாண்டுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழும் அறிவியலும் சேர்த்துக் கற்பித்து வந்த யான், சமயத்துக்கு ஏற்றவாறு இரு பக்கமும் சாய்ந்தவன். அப்படிச் சாய்ந்தது பிழை என்று எனக்குக் காட்டியவள் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3இன் விக்ரம் இறங்குகலம் நிலவின் தென்முனையை அடுத்த நிலத்தில் இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்று அறிந்தபோது எங்கள் தோட்டப் பள்ளியில் எழுந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அம்மகிழ்ச்சியிலேயே, ‘வருங்கால விண்ணூர்தி’ என்ற தலைப்பில் ஓவியப் போட்டி ஒன்று வைத்தோம். நடுவர் மூவருள் யானும் ஒருவன். கழுகின் மூக்கும், பின்னோக்கி வளைந்த இறக்கையும், இறக்கை நுனியில் பீரங்கியும் கொண்ட போர் ஊர்தி ஒன்றுக்கு முதற்பரிசு கொடுத்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நான்கு கால் வைத்த பெட்டி ஒன்றை வரைந்திருந்தாள். அழகில்லை என்று அதை ஒதுக்கினோம். பரிசளிப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, “ஐயா, நிலாவிலே காற்று இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அங்கே போகிற ஊர்திக்கு இறக்கை எதற்கு ஐயா?” என்று கேட்டாள்.

விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விக்ரம் கலமும் நான்கு கால் வைத்த பெட்டிதான். உண்மையைப் பார்த்து வரைந்த பிள்ளையைத் தள்ளிவிட்டு, திரைப்படத்தைப் பார்த்து வரைந்த பிள்ளைக்கு நாங்கள் பரிசு கொடுத்திருந்தோம். அக்கேள்விக்கு விடை தேடிப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

விசயையின் மயில்

தமிழில் பறக்கும் பொறியென்றால் முதலில் நினைவுக்கு வருவது சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. திருத்தக்கதேவர் பாடியதும், டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் அச்சேற்றியதுமான அக்காப்பியத்தில், சச்சந்தன் என்னும் மன்னன் தன் தேவி விசயைக்காக இப்பொறியைச் செய்விக்கிறான். அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் நகர் வளைக்கப்பட்டபோது, கருவுற்ற விசயை அதில் ஏறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கிவிட, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான்.

கவிஞர் இப்பொறியைச் சொல்லும் முறையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு தச்சன் ஏழு நாளில் செய்து முடித்தான் என்கிறார். பொறியை வலப்புறம் திருகினால் மயில் மேலெழும். இடப்புறம் திருகினால் இறங்கிக் கால் குவித்து அமரும் என்கிறார். இரும்பென்றோ பொன்னென்றோ சொல்லவில்லை என்பதைக் காண்க. பறப்பது எடை குறைந்ததாக இருக்க வேண்டும் என்ற நினைவு அவர் உள்ளத்தில் இருந்தது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த வானூர்தியும் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியதே. துணிக்குப் பசை ஏற்றி விறைப்பாக்கும் முறை வானூர்தித் தொழிலில் பல ஆண்டுகள் நிலவியது.

எனின், இம்மயில் பறக்குமா? கணக்கிட்டே பார்ப்போம். அரசியும் பொறியும் சேர்ந்து 100 கிலோ எனக் கொள்வோம். தாங்க வேண்டிய எடை 980 நியூட்டன். மயிலின் இறக்கைப் பரப்பு 10 சதுர மீட்டர் என்றும், நல்ல வளைவுடைய இறக்கை என்றும் தாராளமாகவே கொள்வோம். தரைமட்டக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. இவ்வளவு எடையை அவ்விறக்கை தாங்குவதற்கு மயில் நொடிக்கு 13 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் விரைவில் செல்ல வேண்டும். அது முடியாததன்று. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. அவ்விரைவில் காற்றின் தடையை வெல்ல ஏறத்தாழ 1,500 வாட், அதாவது இரண்டு குதிரைத்திறன் வேண்டும். நன்கு பயின்ற மிதிவண்டி வீரன் நெடுநேரம் தரக்கூடியது 300 வாட் அளவே. முறுக்கிய சுருள்வில்லில் இருந்து அவ்வாற்றலைப் பெறலாமே எனின், ஒரு கிலோ எஃகு வில்லில் அடங்குவது சில நூறு ஜூல் மட்டுமே. ஒரு நிமிடம் பறப்பதற்கே 300 கிலோவுக்கு மேற்பட்ட வில் வேண்டும். மயிலை விட மயிலின் குடல் மும்மடங்கு கனக்கும்!

ஆகவே மயிற்பொறி பறவாது. ஆயினும் அதைப் படைத்த கவிஞர் தோற்றாரல்லர். அவர் தம் பொறிக்குப் பொருள் சொன்னார். இயக்கும் முறை சொன்னார். ஓர் எல்லையும் வைத்தார். ஓட்டுபவள் மயங்கினால் ஊர்தி இறங்கிவிடும் என்ற அந்த எல்லையினின்றுதான் கதையே பிறக்கிறது. இஃது உண்மை என்று எவரையும் நம்பச் சொல்லவில்லை. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாகன் செலுத்தாத வான ஊர்தியைக் குறிப்பிடுவதும் இத்தகையதே. புகழுடையோர் அடையும் மேலுலகப் பேற்றைச் சொல்ல வந்த இடம் அது. அதனை இன்றைய ஆளில்லா விமானத்துக்குச் சான்றாகக் காட்டுவார், பாட்டையும் இழப்பர், அறிவியலையும் இழப்பர்.

பெங்களூர் அறிஞர்களின் தீர்ப்பு

இங்கே என் பிழை ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், விழா மலர் ஒன்றில் படித்ததை நம்பி, பரத்துவாச முனிவர் இயற்றிய விமான நூல் ஒன்று உண்டென்றும், நம் முன்னோர் அதன்படி விமானம் செலுத்தினர் என்றும் வகுப்பில் கரும்பலகையில் எழுதியே கற்பித்தேன். பல்லாண்டு கழித்து, சுபாங்கில் விமானப் பழுதுபார்ப்புத் தொழில் பயின்ற என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். “நீங்கள் சொன்னதைப் பயிற்சிக் கூடத்தில் சொன்னேன் ஐயா, எல்லாரும் சிரித்தார்கள்” என்றான். அவன் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் அச்சிரிப்புக்கு அவன் ஆளானது என்னால்.

அந்நூல் ‘வைமானிக சாஸ்திரம்’. அதன் வரலாறு தெளிவானது. இன்றைய தமிழகத்தின் ஓசூர் வட்டாரத்தில் பிறந்து, பெங்களூரை அடுத்த ஆனேக்கல்லில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரி என்பார், 1918 முதல் 1923 வரை வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தது அது. படங்களை எல்லப்பா என்னும் வரைவாளர் வரைந்தார். மைசூர் ஜி.ஆர். ஜோசியர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1973இல் அதை வெளியிட்டார். அடுத்த ஆண்டே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எச்.எஸ். முகுந்தா முதலிய ஐந்து அறிஞர்கள் அதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர்.

அவர்கள் நூலை ஏளனம் செய்து ஒதுக்கவில்லை, முறையாக ஆராய்ந்தனர். மொழியை நோக்கி, அது வேதகால வடமொழி அன்று, பிற்கால நடை என்றனர். நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க இயலாது என்றனர். பின்னர் சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்னும் நான்கு விமானங்களின் வடிவையும் பறத்தல் இயலின்படி ஆய்ந்தனர். நான்கில் ஒன்றேனும் பறக்கும் தகுதி உடையதன்று என்பது அவர்தம் முடிபு. ருக்மத்தில் மட்டும், மேலிருந்து காற்றை விசிறியால் இழுத்துக் குழாய் வழியே கீழே தள்ளி எழும்பும் கருத்து ஓரளவு பொருளுடையது என்று ஒப்பினர். தள்ளுபடி செய்யும் நூலிலும் தக்கதைத் தேடி எடுத்துச் சொன்ன அந்நேர்மை திறனாய்வாளர் எல்லாரும் கற்கத் தக்கது.

திருத்தக்கதேவரின் மயிலும் பறவாது. சாஸ்திரியாரின் சகுனமும் பறவாது. எனினும் முன்னதைப் போற்றுகிறோம், பின்னதைத் தள்ளுகிறோம். ஏன்? காப்பியம் தன்னைக் காப்பியம் என்றே சொல்லிக்கொண்டது. மற்றையது தன்னைச் சாத்திரம் என்று சொல்லிக்கொண்டது. சாத்திரம் என்று வந்தால் கணக்குக்கு உட்பட்டே ஆக வேண்டும்.

திரையிற் பறந்த தட்டு

தமிழ்த் திரைக்கு வேற்றுக்கோள் ஊர்தியைக் கொணர்ந்த படம் 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’. ஏ. காசிலிங்கம் இயக்கிய அப்படத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். கலை வளராத கோள் ஒன்றினின்று பறக்கும் தட்டில் வந்த நம்பியார், இசை கற்பிப்பதற்காகப் பானுமதியைக் கவர்ந்து செல்வதாகக் கதை. அறிவியலில் முன்னேறிய உலகம் பாட்டுக்கு நம்மிடம் வந்து நிற்கிறது என்ற எண்ணம் அழகியது.

தட்டு வடிவம் எங்கிருந்து வந்தது? 1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், கென்னத் ஆர்னால்டு என்னும் அமெரிக்க விமானி, வானில் ஒன்பது பொருள்கள் விரைந்து செல்வதைக் கண்டதாகச் சொன்னார். நீர்மேல் எறிந்த தட்டு தத்திச் செல்வது போல அவை சென்றன என்று அவர் கூறியது செலவின் தன்மையை. செய்தித்தாள்கள் அதை வடிவின் பெயராக்கிவிட்டன. ஓர் உவமையைத் தவறாகப் படித்ததன் விளைவாக, உலகத் திரைப்படங்களிலெல்லாம் தட்டுகள் பறந்தன.

தட்டு பறக்குமா என்பதை உண்மையிலேயே செய்து பார்த்தவர்களும் உண்டு. கனடாவின் ஆவ்ரோ நிறுவனம் அமெரிக்கப் படைக்காக ‘ஆவ்ரோகார்’ என்னும் வட்ட ஊர்தியைச் செய்து 1959இல் எழுப்பிற்று. தரைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் சென்றால் அது தள்ளாடிற்று. 1961இல் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் திடலில் எறியும் ஞெகிழித் தட்டு நேராகச் செல்வது சுழற்சியினால். சுழலாத தட்டு காற்றில் மூக்கைத் தூக்கிக் கவிழும். ஆயினும் காற்றில்லா விண்வெளியில் தட்டுக்கு இக்குறை இல்லை. அங்கே பெட்டியும் தட்டும் ஒன்றே. ஆகவே ‘கலை அரசி’யின் தட்டு இடர்ப்படும் இடம் வழியில் அன்று, நம் நிலவுலகக் காற்றுக்குள் இறங்கும்போதுதான்.

வெற்றிடத்தில் இறக்கை எதற்கு?

இனி, எங்கள் முதற்பரிசு ஓவியத்துக்கு மூலமான படங்களுக்கு வருவோம். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ உலகச் சிறுவர் நெஞ்சில் விண்போர் ஊர்தியின் உருவத்தை நிலைநாட்டிற்று. அதன் இயக்குநர் ஜார்ஜ் லூக்கஸ், இரண்டாம் உலகப்போர்க் காலத்து வான்போர்ப் படத்துண்டுகளை முன்மாதிரியாக வைத்தே தம் விண்போரை அமைத்தார். ஆகவே அங்கு நாம் காண்பது விண்ணில் நடக்கும் போரன்று. 1940களின் வான்போரே விண்மீன்களிடையே நடக்கிறது.

வானூர்தி திரும்புவது எப்படி? ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசை பக்கவாட்டில் இழுக்கிறது, ஊர்தி வளைகிறது. சுபாங்கில் ஏறி இறங்கும் விமானங்கள் சாய்ந்து திரும்புவதைக் கம்போங் மேடான் அடுக்குமாடி வாயிலில் நின்றே எங்கள் பிள்ளைகள் காணலாம். நம் அரச மலேசிய விமானப்படையின் சுகோய் ஊர்தி, முன்புறச் சிற்றிறக்கையும் திசை திருப்பும் உந்துகுழலும் கொண்டு வளைவதும் காற்றின் துணையாலேதான். காற்று இல்லாத இடத்தில் சாய்வதால் பயன் ஒன்றுமில்லை. சாய்ந்தபடியே நேராகச் செல்லும், அவ்வளவே. திசை மாற வேண்டின் எந்திரத்தை வேறு பக்கம் திருப்பி எரிக்க வேண்டும்.

அதன் விளைவைக் காண்போம். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் விரைவில் செல்லும் போர் ஊர்தி திரும்பி வர விரும்புகிறது. ஓட்டுநரின் உடல் தாங்குமாறு, புவியீர்ப்பின் ஐந்து மடங்கு விசையால் தடுப்போமானால், நிற்பதற்கே 20 நொடியும் 10 கிலோமீட்டரும் வேண்டும். பிறகு அதே விரைவை மீண்டும் பெற இன்னும் 20 நொடி, அவ்வளவுக்கும் எரிபொருள். பகைவன் வாலைப் பற்றிக்கொண்டு பருந்தும் கோழியுமாகச் சுற்றிச் சுற்றி வரும் போர் அங்கே நடவாது.

அப்படத்தின் பகைவர் ஊர்தி, உருண்டைக் கூண்டின் இருபுறமும் அறுகோணச் சுவர் வைத்தது. அச்சுவர்கள் கதிரொளியினின்று மின்னாற்றல் பெறும் தகடுகளாம். நம் நிலவுலகின் தொலைவில் கதிரவன் ஒரு சதுர மீட்டருக்குத் தருவது 1,361 வாட். 20 சதுர மீட்டர்த் தகடு, நூற்றுக்கு முப்பது பங்கு பிடித்தாலும், கிடைப்பது எட்டுக் கிலோவாட் அளவே. சிறு மோட்டார் வண்டி எந்திரத்தின் திறன்கூட இல்லை. இதைக்கொண்டு போர் செய்வது எங்ஙனம்? காற்றுக்குள் வந்தாலோ, பக்கக் காற்றுப் பட்டதும் அச்சுவர்கள் ஊர்தியைத் தூக்கி எறியும்.

எல்லாப் படைப்பாளரும் இப்படிச் செய்தனர் என்பதற்கில்லை. 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யின் கோள் செல்லும் கலத்துக்கு இறக்கை இல்லை, வெற்றிடத்தில் ஓசையும் இல்லை. 1994இல் தொடங்கிய ‘பாபிலன் 5’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் போர் ஊர்திக்குப் பெருக்கற்குறி வடிவில் நான்கு கைகள் உண்டு. அவை இறக்கையல்ல, நெம்புகோல். உந்து எந்திரத்தை நடுவினின்று தள்ளி வைக்கும் தொலைவுக்கேற்ப ஊர்தியைத் திருப்பும் ஆற்றல் கூடும். அதனால் அவ்வூர்தி முன்னே சென்றுகொண்டிருக்கும்போதே முகத்தைப் பின்னே திருப்பிச் சுடுகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ ஊர்திக்கும் நான்கு கை உண்டு. ஆனால் நுனியில் இருப்பது பீரங்கி. தோற்றம் ஒன்றுபோல் இருப்பினும் முன்னதற்குக் காரணம் உண்டு. பின்னதற்கு அழகு மட்டுமே உண்டு.

திரும்பி வரும் வழி

அவ்வூர்திகள் கோள்களின் காற்றிலும் இறங்குகின்றனவே, ஆதலின் இறக்கை வேண்டுமன்றோ எனின், அவ்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. 1981 முதல் 2011 வரை பறந்த அமெரிக்க விண்ணோடத்துக்கு இறக்கை இருந்தது. இந்தியா 2016இல் சோதித்த மறுபயன்பாட்டு ஏவுகலத்துக்கும் உண்டு. ஆனால் எத்தகைய இறக்கை, எத்தகைய மூக்கு என்பதே வினா. நிலவுலகைச் சுற்றி வரும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் விரைவில் காற்றுக்குள் நுழைகிறது. கூரிய மூக்கு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்றே எல்லாரும் எண்ணினர். 1950களின் தொடக்கத்தில் ஜூலியன் ஆலன் என்னும் அறிஞர் அதற்கு மாறானதைக் காட்டினார். மூக்கு மழுங்கியதாக இருந்தால், முன்னே எழும் அதிர்ச்சி அலை உடலினின்று விலகி நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். கூரிய மூக்கோ தானே வெந்து உருகும். கழுகு மூக்கு ஊர்தி அழகாக எரிந்து போகும் என்பதே இதன் பொருள்.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கொலம்பியா விண்ணோடம் திரும்பும் வழியில் சிதைந்து எழுவர் மாண்டனர். புறப்படும்போது பெயர்ந்து விழுந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்திருந்தது; அவ்வழியே கொதிக்கும் வளி உள்ளே புகுந்தது. மாண்டவருள் ஒருவர் அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. வானூர்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, காற்றோட்டக் கணக்கையே ஆராய்ச்சித் துறையாகக் கொண்டவர் அவர். இறக்கை என்பது அழகுக்கு வைக்கும் அணியன்று. உயிரைத் தாங்கும் உறுப்பு என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

முடிவாக

கற்பனையிடம் கணக்குக் கேட்கலாமா என்ற வினாவுக்கு இப்போது விடை கூறலாம். கேட்கலாம், ஆனால் அது தன்னை எதுவென்று சொல்லிக்கொள்கிறதோ அதற்கேற்பக் கேட்க வேண்டும். சாத்திரம் என்று வருவதை முழுக் கணக்கும் கேட்போம். கதை என்று வருவதை மூன்று வினா மட்டும் கேட்போம். எங்கே பறக்கிறது? எதைத் தள்ளிப் பறக்கிறது? எப்படி நிற்கிறது? திருத்தக்கதேவர் ஆயிரமாண்டுக்கு முன்னரே தம் அளவில் இம்மூன்றுக்கும் விடை வைத்திருந்தார். கோடிக்கணக்கில் பொருள் செலவிடும் இக்காலப் படங்கள் பல முதல் வினாவையே கேட்டுக்கொள்வதில்லை.

தமிழர்க்குப் பெருமை வேண்டும் என்பதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. அதிலும் தோட்டத்தை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் பறவாத விமானத்தைப் பறந்ததென்று சொல்லிக் கொடுக்கும் பெருமை, பிள்ளை வெளியுலகில் கால் வைத்த முதல் நாளே உடைந்து போகும். என் பழைய மாணவன் முகத்தில் யான் அதைக் கண்டேன். மயிலுக்குத் துணியும் அரக்கும் தேர்ந்த கவிஞரின் நுண்மதியும், நான்கு கால் பெட்டியை நிலவில் இறக்கிய விழுப்புரத்தாரின் உழைப்பும் உண்மைப் பெருமைகள். அவை போதும்.

எங்கள் பள்ளியில் ஓவியப் போட்டி இப்போதும் நடக்கிறது. விதி ஒன்று மட்டும் சேர்த்திருக்கிறோம். படத்தின் கீழே, இவ்வூர்தி எங்கே பறக்கும், எதனால் பறக்கும் என்று இரண்டு வரி எழுத வேண்டும். இறக்கை வரைவதற்குத் தடையில்லை. காற்று எங்கே என்று சொன்னால் போதும். அந்தச் சிறுமியின் நான்கு கால் பெட்டியைக் கேட்டு வாங்கி, அறிவியல் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அவளுக்கு அன்று கொடுக்காத பரிசை இன்று கொடுத்தல் இயலாது. அவள் கேள்வியையாவது மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் அன்றோ?